காலாவதியாக மறுத்த ஒரு தேதி

1

மதுரையிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, யாரோ யாரையோ முறையாக அழைக்கவில்லை என்பதைப் பற்றியவை. மீதிப் பாதி, முறையாக அழைத்தும் வராதவர்களைப் பற்றியவை. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்தில், பெர்த் நகரத்தில் குடியேறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஆகவே இந்த ஆனி மாதத்துக்குச் சில வாரங்கள் முன்பு, என் மகள் கவிதா தல்லாகுளத்திலிருந்து அழைத்தபோது, நான் உருட்டிக்கொண்டிருந்த குப்பைத் தொட்டியை அவசரப்பட்டு விட்டுவிடவில்லை. இங்கே தொட்டியை வைப்பதற்கும் நடைமுறை உண்டு. சக்கரம் வீட்டைப் பார்க்க வேண்டும், மூடி திறக்கும் பக்கம் தெருவைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் நகராட்சி வண்டி நிற்காமல் போய்விடும். பிறகு புகார் எண் வாங்க வேண்டும். அந்தப் புகாரை எப்படி எழுதினால் மறுநாளே வண்டி வரும் என்பது இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்பா, தேதி மாறிப்போச்சு. தம்பிகிட்ட நீங்களாச்சும் சொல்லிட்டீங்களா?"

"எந்தத் தேதி?"

"எந்தத் தேதியா? யாழினி காதுகுத்துப்பா. சாமி கும்பிடு தள்ளிப் போயிருச்சு. அவன் லீவு பழைய தேதிக்குப் போட்டிருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தலேன்னா அப்புறம் அவனால மாத்த முடியாதாம்ல?"

ஊரில் இருக்கும் உங்களுக்குத் தாய்மாமன் மடியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. என் பேத்தி யாழினிக்கு ஒரே தாய்மாமன், என் மகன் அருண். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் அவள் காதில் ஊசி ஏற வேண்டும். ஏற்கனவே இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் கெட்டது. முதல் முறை அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை விடுப்புக் கிடைத்தது. நண்பர்களோடு பாலித் தீவுக்குப் போய்விட்டான். இந்த முறை நானும் என் மனைவி சரோஜாவும் போக முடியாது. அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, விமானம் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பிறந்த வீட்டின் சார்பில் போகக்கூடிய ஒரே ஆள் அருண். இதை எங்களைவிடத் துல்லியமாகக் கணித்து வைத்திருந்தவர் கவிதாவின் மாமியார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"என்ன சொல்லுவாக? 'ஒன் தம்பி வரலேன்னா வெரசாச் சொல்லிருத்தா. எந்தம்பி மகனும் மனுசந்தான், அவனுக்கும் மடி இருக்கு'ங்கிறாக. அடுப்படியில நின்னுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சொல்றாகப்பா."

சிரித்துக்கொண்டு சொன்னால் அது முடிவெடுத்தாயிற்று என்று பொருள். நான் தொட்டியைச் சரியான திசையில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன்.

2

ஒன்பது வயதில் இங்கே வந்த கவிதா, பல் மருத்துவம் படிக்க மதுரைக்குப் போனவள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். நான்கு வயதில் வந்த அருண் இங்கேயே இருக்கிறான். ஊரைத் தெரிந்த பிள்ளை ஊரோடு போயிற்று. தெரியாத பிள்ளை என்னோடு இருக்கிறது. என்னோடு என்றால், முக்கால் மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில். வருவதற்கு முன் செய்தி அனுப்பி, எனக்கு வசதிப்படுமா என்று கேட்பான். சொந்த அப்பனிடம் முன்பதிவு.

கவிதாவின் மாப்பிள்ளை பாண்டியனுக்குக் குலசாமி, அழகர்கோவில் சாலையிலிருந்து மேற்கே பிரியும் மண்பாதையில், ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறது. அந்தச் சாமிக்குப் பங்காளிகள் ஏராளம். பாதிப் பேர் மதுரையைச் சுற்றி விவசாயமும் கடையும். மீதிப் பேர் திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா, லண்டன், அமெரிக்கா. வருடா வருடம் சாமி கும்பிடுக்குத் தகவல் சொல்வதில் சண்டை. "எனக்கு முறையாச் சொல்லல" என்று ஒருவன் வராமல் இருப்பான். "சொன்னேன், நீதான் போன எடுக்கல" என்று இன்னொருவன் வேட்டியை மடித்துக் கட்டுவான். இதைத் தீர்க்க அருண் ஒரு இணையத் தளம் செய்து கொடுத்தான். மச்சானுக்குச் செய்த மரியாதை. தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிப் போக முடியாத சீர். கோவில் கமிட்டியும் ஒரு தீர்மானம் போட்டது: தளத்தில் வருவதுதான் தகவல், தொலைபேசியில் வருவது வதந்தி. அவர்கள் வரலாற்றில் எடுத்த ஒரே தெளிவான தீர்மானம் அது. அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

ஏனென்றால் பங்காளிகளில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பங்காளித் தீட்டு. சாமி கும்பிடு ஆனி முதல் வெள்ளியிலிருந்து மூன்றாம் வெள்ளிக்குப் போயிற்று. தளத்தில் தேதி மாற்றப்பட்டது. ஆனால் தளத்தைத் திறந்த யாருக்கும் மாறவில்லை.

அருணிடம் சொன்னேன்.

"அப்பா, சைட்ல ஃபர்ஸ்ட் ஃப்ரைடேன்னுதான் இருக்கு. நான் இப்பதான் பாத்தேன்."

"கவிதா சொல்றாடா. தீட்டு."

"அந்த டெத் க்வாரன்டைனா? தெரியும்ப்பா. ஆனா போன வாரம் கவிதா ஒரு டேட் சொன்னா, மச்சான் வேற டேட் சொன்னார், குரூப்ல மூணாவது டேட் ஓடுது. கமிட்டி சைட்ல போட்டா நான் லீவ மாத்துறேன். போன்ல சொன்னா வதந்தின்னு அவங்கதானே ரூல் போட்டாங்க?"

விதியைக் காட்டி விதி தெரிந்தவனை மடக்குகிறான். வளர்ப்பு என்னுடையது, வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

3

தளத்தில் தேதி போடும் பொறுப்பு தவமணியிடம். பாண்டியனின் பெரியப்பா மகன். ஆரப்பாளையத்தில் கைபேசிக் கடை வைத்திருக்கிறார். கைபேசிக் கடை வைத்திருப்பவருக்குக் கணினி தெரியும் என்பது கமிட்டியின் நம்பிக்கை. காப்பித்தூள் விற்பவருக்கு எஸ்டேட் தெரியும் என்பது மாதிரி.

"மாத்திட்டேன் மாமா," என்றார் தவமணி. "அன்னைக்கே மாத்திட்டேன். என் போன்ல பளிச்சுன்னு தெரியுது. இவங்ஙெ கண்ணுல என்னன்னு எனக்குத் தெரியல."

"எல்லாருக்கும் பழசு தெரியுதாமே?"

"அவங்ஙெள கேஷ கிளியர் பண்ணச் சொல்லுங்க."

இந்தச் சொற்றொடரைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கேஷ் என்பது வேறொன்றுமில்லை. ஒரு பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொருவருக்காகவும் கிடங்குக்குள் போய்த் தேடி எடுத்து வராமல், ஒரு நகலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து நீட்டுவது. அந்த நகல் உங்கள் கைபேசியிலும் இருக்கலாம், தளம் ஓடும் சர்வரிலும் இருக்கலாம். எந்த இடத்து நகல் பழசாகிக் கிடக்கிறது என்று கேட்காமலே, உலகத்து உதவி மையங்கள் எல்லாம் வாடிக்கையாளனைத் தன் கைபேசியைத் துடைக்கச் சொல்கின்றன. துடைப்பதில் ஒரு நன்மை உண்டு: புகார் கொடுத்தவனுக்கு ஏதோ செய்த திருப்தி கிடைத்துவிடும். கைபேசியில் பங்காளிகள் வைத்திருந்த குழுவில் அன்று முழுவதும் எல்லோரும் துடைத்தார்கள். ஒருவர் துடைத்த துடைப்பில் பேரன் பேத்திப் படங்களெல்லாம் போயின. தேதி அசையவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் நம் ஆட்களின் தனித்திறமை. பெரிய வீட்டு வகையறா, சின்ன வீட்டு வகையறா என்று அவர்களுக்குள் இரண்டு கிளை. தவமணி சின்ன வீடு. முதல் பரிவட்டத்தைத் தாங்கள் கட்டிக்கொள்ளத்தான் உண்மைத் தேதியை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பெரிய வீட்டிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "ஏ தவமணி, ஒனக்கு மட்டும் ஒரு தேதி, ஊருக்கு ஒரு தேதியாடா?" என்று தொடங்கியது, மீதியை இங்கே எழுத முடியாது. கணினிக் கோளாறு ஒன்று மூன்று நாளில் பங்காளிப் பகையாக முதிர்ந்துவிட்டது. மற்ற நாடுகளில் இதற்குத் தனிக் கட்சியே வேண்டியிருக்கும்.

கவிதா மறுபடி அழைத்தாள். "அத்தை, தம்பி மகனுக்குப் பட்டு வேட்டி எடுக்கணும்னு பேசிக்கிட்டிருக்காகப்பா." குரல் சாதாரணமாக இருந்தது. அழுதால் எனக்குப் பரவாயில்லை. அவள் சாதாரணமாகப் பேசினால்தான் பயம்.

4

ஓய்வு பெறும்வரை நான் இங்கே ஒரு பொது நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். அதற்கு முன்பு தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகம். அங்கே அறிவிப்புப் பலகைக்கு ஒரு நடைமுறை இருந்தது. புது அறிவிப்பை ஒட்டும் முன் பழையதைக் கிழிக்க வேண்டும். கிழித்தவர் கிழித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது அதை நாங்கள் கேலி செய்தோம். இன்று சர்வர் அறைகளில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகளில் பாதிப் பேருக்கு அந்தக் கையெழுத்தின் அருமை தெரியாது. புதியதை ஒட்டுவார்கள். பழையது தானாக உதிரும் என்று நம்புவார்கள்.

பழுது பார்க்க நடைமுறை எளிது. முதலில், யார் எங்கே நின்று எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"தவமணி, தேதிய எங்க மாத்துனீங்க?"

"உள்ளதான் மாமா. பாஸ்வேர்டு போட்டு."

"மாறிருச்சுன்னு எங்க பாத்தீங்க?"

"அங்கனயேதான்."

"வெளிய வந்து பாத்தீங்களா?"

"நான்தான் உள்ள இருக்கேன்ல. வெளிய எதுக்கு மாமா வரணும்?"

பாஸ்வேர்டு போடாமல், மற்றவர்கள் மாதிரி திறக்கச் சொன்னேன். கடையில் யாரோ கைபேசி உறை விலை கேட்பது காதில் விழுந்தது. பிறகு தவமணி, "அட, பழசுல்ல நிக்குது! எவன் மாமா இத மாத்துனது?" என்றார்.

உள்ளே இருப்பது கிடங்கு; அது நேராகக் காட்டும். வெளியே நீட்டப்படுவது சர்வரில் கிடக்கும் நகல். தவமணி பொய் சொல்லவில்லை, பங்காளிகளும் பொய் சொல்லவில்லை. பாதித் தீர்வு வந்துவிட்டது. மீதிக்கு இரண்டாம் கேள்வி: கடைசியாக எப்போது சரியாக வேலை செய்தது, அதன் பிறகு என்ன மாறியது?

"மாசி மாசம் தண்ணித் தொட்டி வேலைன்னு அறிவிப்புப் போட்டோம் மாமா. சித்த நேரத்துல வந்துருச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே மாத்தல."

"ஒண்ணுமே மாத்தலையா?"

"சாமி போட்டோ போட்டோம். அவ்வளவுதான். மாப்ள அருணுதான் போட்டுக் குடுத்தாப்ல. தொட்டா மணி அடிக்கும், சூடம் எரியும்."

"அத எம்புட்டுப் பேரு பாக்குறாங்க?"

தவமணிக்கு என் கேள்வியே அபசாரமாகப் பட்டது. "என்ன மாமா இப்பிடிக் கேக்குறீக? அம்புட்டுப் பேரும்தான். காலைல எந்திரிச்சதும் அதுல ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பல்லே வெளக்குறது. சிங்கப்பூர்ல ராசு கடை தொறக்குறப்ப பாப்பான். துபாய்ல இருக்குறவன் வண்டி எடுக்குறப்ப பாப்பான். அமெரிக்காக்காரன் படுக்கிறப்ப பாப்பான். சும்மாவா, சாமில்ல."

எனக்குப் புரிந்துவிட்டது.

5

அருண் தளத்தைக் கட்டப் பயன்படுத்தியது ஒரு ஃப்ரேம்வொர்க். வீடு கட்டுகிறவனுக்குக் கதவு, ஜன்னல், நிலை எல்லாம் தயாராகச் செய்து கொடுக்கும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரன் இரண்டு விதப் பூட்டு தருகிறான். எது எப்படிப் பூட்டும் என்று தாளில் எழுதியும் தருகிறான். தாளை யாரும் படிப்பதில்லை. தளத்தின் நிரல் வரிகளைப் படிக்க அருண் எனக்கு அனுமதி கொடுத்திருந்தான். படிக்கலாம், தொடக் கூடாது. ஓய்வு பெற்றவனுக்குப் பொழுதுபோக்கு. நான் படித்தேன். வேண்டிய வரி உடனே கிடைத்தது. அருணை அழைத்தேன்.

"கேஷ் எவ்வளவு நேரம் வச்சிருக்க?"

"முப்பது நிமிஷம்ப்பா. அதனாலதான் சொல்றேன், தவமணி அண்ணா மாத்தவே இல்ல. மாத்தியிருந்தா அரை மணில வந்திருக்கும். சிம்பிள்."

"முப்பது நிமிஷம் எதுலேருந்து?"

"எதுலேருந்துன்னா? ஸ்டார்ட்லேருந்து."

"எது ஸ்டார்ட்?"

நகல் எடுத்த நேரத்திலிருந்து முப்பது நிமிடம் என்பது ஒரு வகைக் காலாவதி. கடைசியாக ஒருவர் அதைக் கேட்ட நேரத்திலிருந்து முப்பது நிமிடம் என்பது இன்னொரு வகை. அருண் எழுதியிருந்தது இரண்டாவது. யாராவது ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பழைய நகலுக்கு இன்னொரு அரை மணி ஆயுள். மாசி மாதத்தில் ஆள் குறைவு. நகல் செத்தது, புதுசு வந்தது. சாமி படம் போட்ட பிறகு, பூமியில் எங்காவது ஒரு பங்காளி எப்போதும் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறான். போதாக்குறைக்கு, தேதி மாறிவிட்டதா என்று பார்க்க வேறு திறக்கிறான். எத்தனை ஆவலாகப் பார்க்கிறார்களோ அத்தனை உறுதியாகப் பழைய தேதி நிற்கிறது. மாறாத தேதிக்கு அவர்களே காவல்.

எங்கள் ஊர்த் தீட்டுக்கே இதைவிடத் தெளிவான விதி உண்டு. இங்கே வந்த புதிதில் என் பெரியப்பா இறந்த செய்தி எனக்குப் பல நாள் தாமதமாக வந்தது. அப்பா தொலைபேசியில் சொன்னார்: "காதுல விழுந்த அன்னைக்குத்தான் ஒனக்குத் தீட்டு. தலைக்குத் தண்ணி ஊத்திக்க, முடிஞ்சது." தோட்டக் குழாயில், குளிரில் நடுங்கிக்கொண்டே ஊற்றிக்கொண்டேன். தொடக்கம் எது, முடிவு எது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. துக்கம் கேட்க ஒருவர் வரும்போதெல்லாம் தீட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று வைத்திருந்தால், எந்தக் குடும்பமாவது குளித்து எழுந்திருக்குமா? பள்ளிக்கூடம் பார்க்காத மனிதர்கள் அதை யோசித்திருக்கிறார்கள். என் மகனுடைய ஃப்ரேம்வொர்க்கை எழுதியவர்களும் யோசித்துத்தான் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். யோசிக்காதவன் என் வீட்டில்தான் பிறந்திருக்கிறான்.

"தியரிப்பா அது," என்றான் அருண். "அரை மணி நேரம்கூட யாரும் திறக்காம இருக்க மாட்டாங்களா? ஊர்க் கோவில் சைட்பா."

அவனோடு வாதிடுவதைவிட நிரூபிப்பது சுலபம் என்று நினைத்து, என் பங்குக்கு ஒரு மடத்தனம் செய்தேன். பங்காளிகள் குழுவில் குரல்பதிவு போட்டேன்: அடுத்த அரை மணி நேரம் தயவுசெய்து யாரும் தளத்தைத் திறக்க வேண்டாம், தேதி தானாகச் சரியாகிவிடும். மூன்று கண்டத்துப் பங்காளிகளும் அதைக் கேட்டார்கள். மூன்று கண்டத்துப் பங்காளிகளும், சரியாகிவிட்டதா என்று பார்க்க உடனே திறந்தார்கள். "மாமா, இன்னும் பழசாத்தான் இருக்கு," என்று நிமிடத்துக்கு ஒருவர் எனக்குத் தகவலும் அனுப்பினார்கள். சம்பந்தி வீட்டார் என்பதால் பதிலுக்கு நன்றி என்று எழுத வேண்டியிருந்தது. சரோஜா காலை நீட்டிக்கொண்டு சிரித்தாள். "ஒங்க ஆபீஸ் நோட்டீஸ மட்டும் எவன் மதிச்சான்?"

ஆனால் அந்த வெள்ளத்தில் சர்வர் திணறி, அருணுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. யார் எப்போது தளத்தைத் திறந்தார்கள் என்ற சர்வர் பதிவேட்டை அவன் பார்த்துவிட்டு என்னை அழைத்தான். குரலில் பழைய தோரணை இல்லை.

"அப்பா, இவங்க தூங்கவே மாட்டாங்களா?"

"என்ன ஆச்சு?"

"அரை மணி கேப் ஒண்ணுகூட இல்லப்பா. வாரக்கணக்கா இல்ல."

காலாவதியை முதல் வகைக்கு மாற்றினான். அதோடு, தேதி திருத்தப்பட்ட உடனே பழைய நகலைக் கிழித்துவிடும்படி ஒரு வரி சேர்த்தான். அதை நான் சொல்லித்தான் சேர்த்தான். பக்கத்தில் மூன்றாம் வெள்ளி வந்து நின்றது. தவமணி அழைத்தார். "மாமா, கெடா ஒண்ணு நேந்துக்கிட்டேன். மத்தியானமே சாமி மாத்திக் குடுத்துருச்சு பாத்தீகளா!"

நான் மறுக்கவில்லை. கெடாவுக்கு வேண்டுமானால் அனுதாபம் தெரிவிக்கலாம்.

6

அன்று வியாழக்கிழமை. விடுப்பை மாற்ற ஒருநாள்தான். அருணின் அலுவலகத்தில் அப்படி மாற்ற, சடங்கு விடுப்பு என்ற பிரிவின் கீழ் காரணம் காட்ட வேண்டும். அந்தப் பிரிவு இருப்பதே அவனுக்குத் தெரியாது. இதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம். நான் சொன்னபடி விண்ணப்பம் போனதும், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் மரியாதையாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: இந்தச் சடங்கை விண்ணப்பதாரருக்குப் பதிலாகக் குடும்பத்தில் வேறு யாராவது நிறைவேற்ற இயலுமா?

நான் ஒரு முழுப் பக்கம் பதில் தயாரித்தேன். தாய்வழி உறவின் அமைப்பு, தென் மாவட்ட வழக்கம், விண்ணப்பதாரரின் மடி தவிர்க்க முடியாதது என்பதற்கான காரணங்கள், பத்தி பத்தியாக. அருண் வீட்டுக்கு வந்து, நின்றபடியே அதை என் கணினியில் படித்தான். வருவதற்கு முன் எனக்கு வசதிப்படுமா என்று அன்று கேட்கவில்லை.

"அப்பா, கவிதாவோட மாமியார் வேற யாருக்கோ வேட்டி எடுத்துட்டாங்களாமே?"

"ஆமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சைட்ல போட்டாத்தான நீ நம்புவ?"

அவன் என் பக்கத்தை அப்படியே அழித்தான். அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினான்: முடியாது, அவளுக்கு நான் ஒருவன்தான் மாமன். இலக்கணமாக எழுதப்பட்ட என் வாதங்கள் போன துக்கம் எனக்கு இன்னும் உண்டு. விடுப்பு மறுநாள் காலையில் கிடைத்துவிட்டது.

மூன்றாம் வெள்ளியன்று கவிதா காணொளி அனுப்பினாள். கண்மாய்க் கரை, பந்தல், வெயில். பட்டு வேட்டி கட்டிய அருண் பாயில் உட்கார்ந்திருக்கிறான். சம்மணம் வரவில்லை, முழங்கால் இரண்டும் கோபுரம் மாதிரி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் யாழினி. ஊசியைக் கண்டதும் அவள் அம்மாவிடம் தாவப் பார்க்கிறாள். அருண் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "குட்டி, மாமா இருக்கேன், மாமா இருக்கேன்," என்கிறான். ஊசி இறங்கியதும் அவள் அலறுகிறாள். அவனும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். கையை மட்டும் விடவில்லை. குலவை முடிந்ததும் கவிதாவின் மாமியார் அருகில் வந்து, குழந்தையின் இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பிறகு அவனை மேலும் கீழும் பார்க்கிறார்.

"மடி என்னமோ மடிதான்," என்கிறார். "உக்காரத்தான் யாரும் சொல்லிக் குடுக்கல."